நூல் எழுதாத மொழியறிஞர்

கேள்வி: கத்தோலிக்கத் திருச்சபையில் கர்தினால் என்னும் உயர்பதவி வகித்த ஜூசெப்பே மெசோஃபாந்தி எழுபது மொழிகள் அறிந்தவர் என்று படித்தேன். அவர் எழுதிய நூல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அப்படியிருக்க, அவரை அறிஞர் என்று போற்றுவது பொருந்துமா?

பதில்: பொருந்தும் என்றே உறுதியாகக் கருதுகிறேன். அச்சில் வந்ததாகக் குறிப்பிடத்தக்கது, தமக்குக் கிரேக்கம் கற்பித்த ஆசிரியரைப் போற்றி அவர் ஆற்றிய உரை ஒன்றுதான் என்பது உண்மையே. ஆனால் அவருடைய புலமை ஏட்டில் இறங்காமல் போனதற்கான காரணம், அது உருவான சூழலிலேயே இருக்கிறது.

1774-இல் இத்தாலியின் பொலோஞா நகரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்த அவர், 1797-இல் கத்தோலிக்கக் குருவாகப் பட்டம் பெற்ற கையோடு அந்நகரப் பல்கலைக்கழகத்தில் அரபிப் பேராசிரியரானார். நெப்போலியன் படையெடுப்பின் பயனாய் உருவான புதிய குடியரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மனச்சாட்சி இடம் தராததால் அந்தப் பதவியை இழந்து, வீட்டுப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைக்க வேண்டியதாயிற்று. அந்நாள்களில் பொலோஞாவின் மருத்துவமனைகளில் ஹங்கேரியர், செக்கர், ஜெர்மானியர் எனப் பல இனத்துப் போர்வீரர்கள் காயமுற்றுக் கிடந்தார்கள். சாகும் தறுவாயில் இருப்பவன் தன் பாவங்களைச் சொல்லத் துடிக்கிறான். கேட்க வந்த குருவுக்கோ அவன் மொழி புரியவில்லை. அந்தத் தவிப்பைப் பொறுக்க முடியாமலேயே பகலில் படுக்கையருகே அமர்ந்தும் இரவில் இலக்கண நூல்களோடு விழித்திருந்தும் அம்மொழிகளைக் கற்றதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். பழக்கமில்லாத மொழியினர் வந்தால், ‘பரலோகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்னும் செபத்தை அவர்கள் மொழியில் திரும்பத் திரும்பச் சொல்லச் செய்வாராம். பொருள் முன்பே தெரிந்த செபம் என்பதால், ஓசை மனத்தில் படிந்ததும் சொல் எது, விகுதி எது என்று பிரித்தறிய அவருக்கு வழி கிடைத்தது. என்னைக் கேட்டால், ஒரு மொழிக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை. இப்படி மனிதரோடு பேசுவதற்காகவே வளர்ந்த புலமை என்பதால்தான் அது ஏட்டில் இறங்கவில்லை.

பின்னர் கீழைத்தேய மொழிப் பேராசிரியராகவும் நூலகராகவும் பொலோஞாவில் பணியாற்றி, 1831-இல் ரோமுக்குச் சென்று, வத்திக்கான் நூலகப் பொறுப்பேற்று, 1838-இல் கர்தினாலானார். 1849-இல் இறக்கும்வரை அவர் இத்தாலிக்கு வெளியே வாழ்ந்ததில்லை. மறைபரப்புப் பணிக்குக் குருக்களைப் பயிற்றுவித்த விசுவாசப் பரப்புதல் கல்லூரியில் பயின்ற பல நாட்டு மாணவர்களோடு அவரவர் தாய்மொழியில் உரையாடுவதையே ரோமில் பெரிதும் விரும்பினார்.

மொழிகளின் எண்ணிக்கை பற்றியும் ஒரு சொல். அவரோடு நேரில் பேசியவர்களின் சாட்சியங்களைத் திரட்டி 1858-இல் வாழ்க்கை வரலாறு எழுதிய அயர்லாந்துக் குரு சார்லஸ் வில்லியம் ரஸ்ஸல், அவர் சரளமாகப் பேசியவை முப்பதுக்கும் மேல் என்றும், மற்றவற்றில் அவருடைய அறிவு படிப்படியாகக் குறைந்தது என்றும் நிதானமாகவே கணித்தார். இந்த எண்ணையும் நான் பெரிதாகக் கருதவில்லை. பொலோஞாவின் ஆர்க்கிஜின்னாசியோ நூலகத்தில், ஒரு பக்கம் ஒரு மொழிச் சொல்லும் மறுபக்கம் வேறொரு மொழியில் அதன் பொருளுமாக அவர் எழுதி வைத்த சிறு காகிதச் சீட்டுகள் இன்றும் இருக்கின்றன. நீங்கள் தேடிய நூலுக்கு ஈடாக அவர் விட்டுச்சென்ற கையெழுத்து அவற்றில்தான் கிடைக்கும்.