மூடியைத் தூக்கிப் பாருங்கள்: ஹாட் டப் கேள்வி–பதில்

போன இதழில் வீட்டுக்கு ஹாட் டப், அதாவது சூடான தண்ணீரில் நாலைந்து பேர் உட்காருகிற தொட்டி, வாங்குவது பற்றி ஒரு வாசகர் கேட்டதற்கு நாலு வரியில் பதில் எழுதி முடித்திருந்தேன். அதில் யாருக்கும் திருப்தி இல்லை போலிருக்கிறது, கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. சரி, இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிடுகிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்.

கே: ஒரு மாடலில் 28 ஜெட், இன்னொன்றில் 52 ஜெட். இரண்டுக்கும் விலையில் நல்ல வித்தியாசம். நாங்கள் நாலு பேர். கூடுதலாகக் கொடுத்து 52 ஜெட் வாங்கலாமா?

ப: ஜெட்டை எண்ணி எதையும் வாங்காதீர்கள். ஜெட் என்பது தண்ணீர் வெளியே வருகிற மூக்கு மட்டும்தான், பீய்ச்சி அடிக்கிற வேலை முழுக்க உள்ளே இருக்கும் பம்பினுடையது. ஒரே பம்பின் தண்ணீரை 52 வழியாகப் பங்கு போட்டால் ஒவ்வொன்றிலும் முதுகைத் தடவிக் கொடுக்கிற அளவுக்குத்தான் வரும். அதனால் கடையில் கேட்க வேண்டியது: எத்தனை பம்ப், ஒவ்வொன்றும் எத்தனை ஹெச்பி, அந்த ஹெச்பி தொடர்ந்து ஓடும்போது கிடைப்பதா அல்லது பம்ப் கிளம்பும் ஒரு நொடிக்கு மட்டும் தொடுகிற உச்சமா? விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கணக்கு.

அப்புறம், நீச்சல் உடையை எடுத்துக்கொண்டு போய், தண்ணீர் நிரப்பி ஓடிக்கொண்டிருக்கும் டப்பில் உட்கார்ந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. காலி டப்பில் சட்டை பேண்ட்டோடு உட்கார்ந்தால் எல்லா இருக்கையும் சுகமாகத்தான் தெரியும். தண்ணீருக்குள் உடம்பு மிதக்கப் பார்க்கும், அதிலும் சாய்ந்து படுக்கிற லவுஞ்சர் இருக்கையில் உயரம் குறைந்தவர்களுக்கு எதிர்ப்பக்கம் கால் எட்டாமல் இடுப்பு மேலே மேலே வந்துகொண்டே இருக்கும். ஜெட் அடிப்பது உங்கள் தோள்பட்டைக்கா, காதுக்கா என்பதும் அப்போதுதான் தெரியும். மேலே இருக்கும் திருகைத் திருப்பி, தண்ணீர் எல்லாவற்றையும் உங்கள் இருக்கைக்குக் கொண்டுவந்தால் எதிரே இருப்பவருக்கு என்ன மிஞ்சுகிறது என்று அவரிடமே கேளுங்கள்.

ஐந்து பேர், ஆறு பேர் என்று எழுதியிருப்பதில் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கும் முழங்கால் இடிக்காமல் இருக்க வேண்டும் என்றால் ஐந்து பேர் டப் சரியாக இருக்கும்.

கே: மொட்டை மாடியில் வைக்க ஆசை. தண்ணீர்த் தொட்டியையே தாங்குகிற மாடிதானே, இதைத் தாங்காதா?

ப: கணக்கைப் பாருங்கள். ஐந்து பேர் டப்பில் சுமார் 1200 லிட்டர் தண்ணீர், அதாவது 1200 கிலோ. டப்பின் எடை 350 கிலோ என்று வையுங்கள். ஆளுக்கு 70 கிலோ வீதம் ஐந்து பேர், அது இன்னொரு 350. மொத்தம் 1900 கிலோ. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் டப் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 475 கிலோ வருகிறது. பல நாடுகளின் கட்டிட விதிகளில் வீட்டுத் தளத்துக்கு வைக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். உங்கள் மாடியில் இருக்கும் தொட்டி அநேகமாகச் சுவரின் மேலோ பீமின் மேலோ உட்கார்ந்திருக்கும். டப்பை நீங்கள் வைக்க நினைப்பது காட்சி நன்றாகத் தெரிகிற நட்ட நடுத் தளத்தில்.

முடியவே முடியாது என்று சொல்லவில்லை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் வந்து வரைபடத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்தால் வையுங்கள். வீடு கட்டிக் கொடுத்த மேஸ்திரி காலால் தட்டிப் பார்த்து “தாராளமாகத் தாங்கும் சார்” என்று சொன்னதை நம்பி வைக்காதீர்கள். தரையில் வைப்பதானாலும் வெறும் மண்ணிலோ டைல்ஸ் பாவிய மணலிலோ வேண்டாம். கம்பி கட்டிய, மட்டம் பார்த்த கான்கிரீட் தளம் குறைந்தது 10 சென்டிமீட்டர் கனத்தில் வேண்டும், ஒரு பக்கம் அமுங்கினால் டப்பின் உடம்பே முறுக்கிக்கொண்டு விரிசல் விடும். பக்கவாட்டுப் பலகையைக் கழற்றி மெக்கானிக் உட்கார்ந்து வேலை பார்க்கிற அளவுக்குச் சுற்றிலும் இடம் விடுங்கள். அழகுக்காக நாலு பக்கமும் மரத்தில் அடைத்துவிட்டு, முதல் கசிவு வந்ததும் அதை உடைத்தவர்கள் உண்டு.

கே: கரண்ட் எவ்வளவு இழுக்கும்? விற்பவர் “ஒன்றும் ஆகாது” என்கிறார்.

ப: முதல் சூடேற்றலுக்கு அவரைக் கேட்கவே வேண்டாம், நாமே போட்டுப் பார்க்கலாம். 1200 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குக் கொண்டுபோகச் சுமார் 25 யூனிட் வேண்டும், எந்தக் கம்பெனி டப்பாக இருந்தாலும் இது மாறாது. 2 கிலோவாட் ஹீட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாயங்காலம் நினைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டு ராத்திரி இறங்குகிற சமாசாரம் இல்லை இது, அதனால்தான் தண்ணீரை எப்போதும் சூடாகவே வைத்திருப்பார்கள். மாதா மாதம் பில்லில் தெரியப்போவது அந்தச் சூட்டைக் காப்பாற்றும் செலவு.

அந்தச் சூடு பெரும்பாலும் மேற்பரப்பு வழியாக, ஆவியாகத்தான் போகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போனால் டப்பில் இருக்கும் 1200 லிட்டரும் ஏறக்குறைய அரை டிகிரி குளிர்ந்துவிடும். ஆகவே கடையில் நீங்கள் அதிக நேரம் பார்க்க வேண்டிய பொருள் மூடி. விளக்கையும் ப்ளூடூத் ஸ்பீக்கரையும் விற்பவரே காட்டிவிடுவார், மூடியைப் பற்றி நீங்கள் கேட்டால்தான் வாயைத் திறப்பார். உள்ளே இருப்பது கெட்டியான தெர்மோகோல், அதைச் சுற்றி ஆவி புகாத பிளாஸ்டிக் உறை, மேலே ரெக்சின் மாதிரி வினைல். நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெலிந்தும் இருந்தால் மழைத் தண்ணீர் வழிந்துவிடும். மடிக்கிற இடத்தைக் கவனியுங்கள்: இரண்டு பாதிக்கும் நடுவே வெறும் துணிதான் இருக்கிறது என்றால் ஆவி முழுக்க அந்தக் கோடு வழியாகவே போகும், நல்ல மூடியில் அங்கேயும் ஒரு அடைப்புப் பட்டை இருக்கும். டப் ஓடிக்கொண்டிருக்கும்போது மூடியின் விளிம்பைச் சுற்றிக் கையை மெதுவாகக் கொண்டுபோங்கள், எந்த இடத்தில் வெதுவெதுப்பு படுகிறதோ அங்கே உங்கள் காசு போகிறது. பூட்டு வைத்த மூடியாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் ஹீட் பம்ப் பற்றியும் பலர் கேட்டிருந்தார்கள். மிதமான தட்பவெப்பத்தில் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று, நாலு யூனிட் சூடு தரும், கடுங்குளிரில் அது குறையும். வருடம் முழுவதும் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் யோசிக்கலாம், எப்போதாவது இறங்குபவர்களுக்கு அவசியமில்லை.

வயரிங் விஷயத்தில் ஒன்றே ஒன்று: தனி லைன், அதில் கசிவு மின்சாரத்தை உடனே துண்டிக்கும் பிரேக்கர், டப்பில் உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டாத ஆனால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மெயின் சுவிட்ச். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகும் எண்ணம் யாருக்காவது இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

கே: எங்கள் ஊரில் வெயில் அதிகம். ஹாட் டப் சரிவருமா?

ப: வரும், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. நன்றாக மூடி, நன்றாக இன்சுலேஷன் செய்த டப்பில் வடிகட்டுவதற்காகப் பம்ப் ஓடுகிற சூடே தண்ணீரில் சேர்ந்துகொண்டு போகும். வெளியே 35, 38 டிகிரி இருக்கும் நாட்களில் ஹீட்டர் அணைந்திருந்தாலும் தண்ணீர் நீங்கள் வைத்த அளவைத் தாண்டி ஏறிவிடும், இறங்கவும் இறங்காது. வெயில் ஊர்க்காரர்கள் தண்ணீரைக் குளிர்விக்கவும் தெரிந்த ஹீட் பம்ப் பொருத்திய மாடலைக் கேளுங்கள். இல்லையென்றால் நிழல் பார்த்து வைத்து, வடிகட்டும் நேரத்தைக் குறைத்து, பின்னிரவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கே: ஊதி வைக்கிற டப் ஒன்று வாங்கிப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் பெரியது வாங்கலாமா?

ப: நல்ல யோசனை. வீட்டில் உண்மையிலேயே யார் யார் இறங்குகிறார்கள், மூன்றாவது வாரமும் இறங்குகிறார்களா என்பது தெரிந்துவிடும். ஆனால் அதை வைத்துப் பெரிய டப்பை எடை போடாதீர்கள். ஊதுகிற டப்பில் பெரும்பாலும் ஜெட் கிடையாது, காற்றுக் குமிழிதான், அந்தக் காற்றே தண்ணீரைக் குளிரவும் வைக்கும். சுவர் மெல்லிசு, அதனால் சூடும் நிற்காது. தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் வேலை மட்டும் பெரிய டப்புக்கு இருக்கும் அதே வேலை.

கே: குளோரின் வாசனையே ஆகாது. கெமிக்கல் இல்லாத உப்புத் தண்ணீர் டப் இருக்கிறதாமே?

ப: உப்பு சிஸ்டம் என்பது உப்பிலிருந்து குளோரினை அங்கேயே தயாரிக்கும் கருவி. சில மாடல்களில் புரோமின். மூக்குக்கும் தோலுக்கும் இதமாக இருக்கிறது என்று பலர் சொல்வது உண்மைதான், ஆனால் கெமிக்கல் இல்லாத டப் என்று யாராவது விற்றால் ஒன்று அவருக்குத் தெரியவில்லை, இல்லை உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். ஓசோனும் யூவி விளக்கும் துணைக்கு நல்லவை, தனியாகப் போதாது.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், 38 டிகிரி தண்ணீர் நமக்குச் சுகமாக இருக்கிற மாதிரியே கிருமிக்கும் சுகமாக இருக்கும். சூடோமோனாஸ் என்கிற பாக்டீரியா, நீச்சல் உடை மூடிய இடமெல்லாம் அரிப்போடு சிவப்புக் கொப்புளம் போடவைக்கும். லீஜனெல்லா இன்னும் மோசம், ஜெட் தெறிக்கிற நுண்துளியோடு மூச்சில் போய் நிமோனியாவில் கொண்டுவிடும். சூட்டில் குளோரின் சீக்கிரம் தீர்ந்துபோவதால் நீச்சல் குளத்தைவிட டப்புக்குக் கூடுதலாகவே வேண்டும். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி சொல்லும் அளவு குளோரின் குறைந்தது 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் மூன்று பங்கு), புரோமின் என்றால் 4, அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் 7.0-க்கும் 7.8-க்கும் நடுவில். நனைத்துப் பார்க்கிற பட்டை கிடைக்கும். இறங்குவதற்கு முன்னால் ஒன்றை நனைத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மூக்கைத் துளைக்கும் அந்த வாசனை இருக்கிறதே, அது பெரும்பாலும் வியர்வையோடும் அழுக்கோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன் வாசனை. அதாவது தண்ணீர் அழுக்காகிவிட்டது என்று அர்த்தம். இறங்கும் முன் சோப்பு போட்டுக் குளித்து, அந்தச் சோப்பையும் நன்றாக அலசிவிட்டு வந்தாலே பாதி வாசனை குறையும். நீச்சல் குளத்துக்கு விற்கும் கெட்டிக் குளோரின் மாத்திரையை டப்பில் போடாதீர்கள். அமிலம் அதிகம், அடியில் கிடந்த இடத்தில் டப்பின் அக்ரிலிக் உடம்பை அரித்துவிடும்.

எவ்வளவு போட்டாலும் ஒரு கட்டத்தில் தண்ணீரை மாற்றித்தான் ஆக வேண்டும். 1200 லிட்டர் டப்பில் தினமும் இரண்டு பேர் இறங்கினால் ஐம்பது நாளுக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரை எங்கே விடப்போகிறீர்கள் என்பதை டப் வாங்கும் முன்பே பார்த்து வைத்துவிடுங்கள்.

கே: டப்பில் வாசனை எண்ணெய், நுரைக் குளியல் திரவம் சேர்க்கலாமா?

ப: கூடாது. பம்பைப் போட்டதும் நுரை தரைக்கு வந்துவிடும், எண்ணெய் ஃபில்டரில் அப்பிக்கொள்ளும். இந்த ஆசை இருப்பவர்கள், குளித்ததும் தண்ணீரைத் திறந்துவிடுகிற குளியலறைத் தொட்டி வாங்குவதே மேல். அதிலும் ஜெட் இருந்தால் நுரைத் திரவம் வேண்டாம்.

கே: அம்மாவுக்கு ரத்த அழுத்தம், மனைவி கர்ப்பமாக இருக்கிறார், பையனுக்கு நாலு வயது. வாங்கினால் யார் யார் இறங்கலாம்?

ப: இப்போதைக்கு நீங்கள் மட்டும்தான் போலிருக்கிறது. சூடான தண்ணீரில் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் அதிகமாக. அம்மாவின் மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம். கர்ப்பத்தில், அதிலும் முதல் மூன்று மாதங்களில், தாயின் உடம்புச் சூடு ஏறுவது குழந்தையின் மூளை, தண்டுவட வளர்ச்சியைப் பாதிக்க வாய்ப்புண்டு. மனைவி பிரசவம் ஆகும்வரை காத்திருக்கட்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் உடம்பு சீக்கிரம் சூடேறிவிடும், பையனும் காத்திருக்கட்டும். பெரியவர்களுக்கும் 40 டிகிரிதான் உச்சவரம்பு, கால் மணி நேரம் போதும். மது குடித்துவிட்டு இறங்கவே கூடாது.

இன்னொன்று, 2002-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி ஹாட் டப்பின் அடியில் தண்ணீரை இழுக்கும் வடிகாலில் மாட்டிக்கொண்டு மூழ்கி இறந்தாள். வடிகாலின் மேல் போடும் மூடிகள் எப்படி இருக்க வேண்டும் என்று அங்கே 2007-ல் இயற்றிய சட்டம் அவள் பெயரால்தான் வழங்குகிறது. உங்கள் டப்பிலும் அந்த மூடிகளில் ஒன்று உடைந்தாலோ கழன்றாலோ புதிது போடும்வரை யாரும் இறங்கக் கூடாது. நீளமான முடியை எப்போதும் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

கே: பழைய டப் ஒன்று மலிவாக வருகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

ப: ஓடிக்கொண்டிருக்கிற நிலையில் மட்டும் பாருங்கள். தண்ணீர் நிரம்பி, சூடாகி, குறைந்தது ஒரு நாள் ஆகியிருக்க வேண்டும். “போன வருஷம் வரைக்கும் நன்றாக ஓடியது, இப்போது காலி செய்து வைத்திருக்கிறோம்” என்றால் பம்பின் சீல்கள் காய்ந்து போயிருக்கலாம், குளிர் ஊராக இருந்தால் குழாயில் நின்ற தண்ணீர் உறைந்து வெடித்திருக்கவும் கூடும். பக்கவாட்டுப் பலகையைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள்: குழாய் இணைப்புகளின் அடியில் வெள்ளையாகப் பொருக்கு படிந்திருந்தால் அங்கே சொட்டிச் சொட்டிக் காய்ந்திருக்கிறது. உள்ளே முழுக்க ஃபோம் அடைத்த டப்பில் இதைப் பார்க்க முடியாது, கசிவு ஒரு இடத்தில் இருக்கும், ஈரம் வேறொரு இடத்தில் தெரியும். மூடியின் ஒரு பாதியைத் தூக்குங்கள். ஒரு ஆளால் அசைக்க முடியவில்லை என்றால் தெர்மோகோல் தண்ணீர் குடித்துவிட்டது, புது மூடியின் விலையைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோல் போர்டின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, அது இன்னும் கிடைக்கிறதா என்று சர்வீஸ்காரரிடம் விசாரியுங்கள். விற்பவர் பலகையைத் திறக்கச் சம்மதிக்காவிட்டால் வேறு டப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டையும் நடைபாதையையும் அளந்துவிடுங்கள். டப்பை ஒருக்களித்து நிறுத்தித்தான் தள்ளிக்கொண்டு வருவார்கள், ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலமும் இரண்டு மீட்டருக்கு மேல் உயரமும் தடையில்லாமல் வேண்டும், மூலையில் திரும்ப இடமும் வேண்டும். இல்லையென்றால் கிரேன் வாடகையையும் சேர்த்துத்தான் அது மலிவா இல்லையா என்று பார்க்க வேண்டும்.