46.06-ஐ 46.40-ஓடு ஒப்பிடலாமா?

கேள்வி: 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 4×100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் ரிலேயின் கடைசி 100 மீட்டரை அமெரிக்காவின் ஜேசன் லெஸாக் 46.06 வினாடியில் நீந்தினார். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தனிநபர் போட்டியில் சீனாவின் பான் ஜான்லே 2024-ல் படைத்த உலக சாதனையே 46.40-தான். அப்படியானால் லெஸாக்தானே பெரிய வேகக்காரர்? சாதனைப் பட்டியலில் அவர் பெயர் இல்லாதது அநியாயம் இல்லையா?

பதில்: அநியாயம் இல்லை. இரண்டும் இரு வேறு கணக்கில் எடுத்த நேரங்கள்.

தனிநபர் போட்டியில் பீப் ஒலித்த நொடியே கடிகாரம் ஓடத் தொடங்கும். ஒலி காதில் விழுந்து, கால் உந்தி, பாதம் மேடையை விட்டுப் பிரிவதற்குள் நல்ல வீரருக்கே 0.6 முதல் 0.7 வினாடி கரைந்துவிடும். ரிலேயில் இரண்டாவது ஆளிலிருந்து நிலைமை வேறு. முன்னவர் சுவரைத் தொடும் கணத்தில்தான் அடுத்தவரின் கடிகாரம் தொடங்குகிறது. அவரோ அதற்கு முன்பே கையைச் சுழற்றி, உடலை முன்னால் சாய்த்து, பாயும் நிலைக்கு வந்திருப்பார். தொடுகையின்போது பாதம் மட்டும் மேடையில் ஒட்டியிருந்தால் போதும். ஏறக்குறைய அரை வினாடி இங்கேயே மிச்சம். போதாததற்குக் கைவீச்சின் வேகத்தில் டைவும் கூடுதல் தூரம் போகும்.

இந்த அரை வினாடியும் சும்மா கிடைப்பதில்லை. குளத்தின் அடியில் லேன் நடுவே ஓடும் கறுப்புக் கோடு, சுவருக்கு 2 மீட்டர் முன்னால் ஒரு குறுக்குக் கோட்டோடு முடியும். மேடையில் நிற்பவரின் கண், வருபவரின் தலை அந்தக் குறுக்குக் கோட்டை நெருங்குவதைத்தான் பார்த்திருக்கும். அதை வைத்துத்தான் கைச்சுழற்சியைத் தொடங்குவார். வருபவர் வேகம் குறையாமல், தலை தூக்காமல், முழு வீச்சோடு சுவரில் மோத வேண்டும். கடைசி வீச்சு சுவருக்கு எட்டாமல் அவர் மிதந்து வந்தாலோ, இன்னொரு குட்டி வீச்சு போட்டாலோ மேடையில் இருப்பவரின் கணக்கு தவறிவிடும். பாய்ச்சல் ஒருமுறை தொடங்கிவிட்டால் நிறுத்த வழி கிடையாது. மின்னணுக் கருவி 0.03 வினாடி வரை முந்துவதைப் பொறுத்துக்கொள்ளும், அதற்கு மேல் போனால் அணியே வெளியேற வேண்டும். 2007 மெல்பர்ன் உலகப் போட்டியில் மெட்லி ரிலே (நால்வரும் வெவ்வேறு பாணியில் நீந்துவது, கடைசி ஆள் ஃப்ரீஸ்டைல்) தகுதிச் சுற்றில் அமெரிக்காவின் இயன் க்ரோக்கர் முந்தியது 0.04 வினாடி. அந்த நூறில் ஒரு பங்கு, அமெரிக்காவை இறுதிப்போட்டிக்கே வரவிடாமல் செய்தது.

ரிலே நேரத்தை எடைபோட ஒரு நேர்மையான வழி உண்டு. அதே வீரர் அதே போட்டித் தொடரில் தனியாக எவ்வளவு நேரத்தில் நீந்தினார் என்று பார்த்து, வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். பெய்ஜிங்கில் பிரான்சின் கடைசி ஆள் அலான் பெர்னார் ரிலேயில் 46.73, தனிநபர் இறுதியில் 47.21. வித்தியாசம் 0.48. பான் ஜான்லே 2024 பாரிஸில் மெட்லி ரிலேயின் கடைசி 100 மீட்டரை 45.92-ல் முடித்தார், நீங்கள் சொல்லும் 46.40 அவர் அதே பாரிஸில் தனியாக நீந்தியது. வித்தியாசம் அதே 0.48! ஆகவே ரிலேயை ரிலேயோடு வைத்தாலும் பான்தான் முன்னால் நிற்கிறார். அதுவும் இடுப்பிலிருந்து முழங்கால் வரையான துணி உடையில். லெஸாக் காலத்து, வேகம் கூட்டும் பாலியுரித்தேன் உடைகள் 2010 தொடக்கத்திலேயே தடையாகிவிட்டன.

ஆனால் லெஸாக்கின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தனிநபர் இறுதியில் அவர் 47.67 (பிரேசிலின் சீசர் சியெலோவோடு வெண்கலத்தைப் பகிர்ந்தார்). ரிலேயில் 46.06. வித்தியாசம் 1.61 வினாடி! ரிலேயில் முன்கூட்டியே பாயத் தயாராவதால் வரும் லாபத்தை எவ்வளவு தாராளமாகக் கழித்தாலும் ஒரு வினாடிக்கு மேல் மிஞ்சுகிறது. கேட்க வேண்டிய கேள்வி, அந்த ஒரு வினாடி எங்கிருந்து வந்தது என்பதுதான்.

அவர் குதித்தபோது பெர்னார் 0.59 வினாடி முன்னால் இருந்தார். பெர்னார் முதல் 50-ஐ 21.27-ல் வெறித்தனமாக முடித்தார், லெஸாக் 21.50. திரும்பும்போது இடைவெளி 0.82 ஆகியிருந்தது. பக்கத்து லேன்காரரான லெஸாக் அங்கிருந்து லேன் கயிற்றை ஒட்டியே வந்தார். முன்னால் போகிறவரின் இடுப்பருகே எழும் அலை, பின்னால் கயிற்றோரம் வருபவரை இழுத்துக்கொண்டு போகும். லேன் கயிறு அந்த அலையை உடைக்குமே தவிர முழுக்கத் தடுக்காது. பெர்னாருக்கு அந்த உதவி கிடையாது. தொடக்கத்தில் கொட்டிய வேகத்துக்கு விலையாகக் கடைசி 25 மீட்டரில் அவர் கைகள் கனத்தன. இரண்டாம் பாதியில் பெர்னார் 25.46, லெஸாக் 24.56. அமெரிக்கா 3:08.24, பிரான்ஸ் 3:08.32. அதே அணியில் நீந்திய மைக்கேல் ஃபெல்ப்ஸின், பெய்ஜிங்கில் எட்டில் எட்டுத் தங்கம் என்ற கணக்கைக் காப்பாற்றியது இந்த 0.08 வினாடி. அலை உதவியது உண்மைதான், ஆனால் 32 வயதில் அந்த அலையைத் தேடிப் பிடித்து, கடைசி வீச்சு வரை தளராமல் வந்தது லெஸாக்கின் திறமை. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

வேகமான ஆளும் நல்ல கடைசி ஆளும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. 2012 லண்டனில் இதே ரிலேயில் அமெரிக்கா, பின்னர் 100 மீட்டர் தங்கம் வென்ற நேதன் ஏட்ரியனை முதலிலேயே இறக்கிவிட்டுக் கடைசியில் ரையன் லாக்டியை வைத்தது. அவர் 0.55 வினாடி முன்னிலையோடு குதித்தார். பிரான்சின் யானிக் அனியெல் 46.74, லாக்டி 47.74. பிரான்ஸ் 0.45 வினாடியில் தங்கத்தை எடுத்துக்கொண்டது. அனியெல் 200 மீட்டரில் வல்லவர், கடைசி 25-ல் துவளாதவர். பின்தங்கிய அணிக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும்.

லெஸாக் பெயர் பட்டியலில் இல்லை என்பதும் சரியல்ல. அந்த 3:08.24 அணிக்கான உலக சாதனை. நால்வர் பெயரோடும் பதிவானது. 2024 பாரிஸ் வரை எந்த அணியும் அதை முறியடிக்கவில்லை. தனிநபர் பட்டியலுக்கு ரிலேயிலிருந்து போக முடிவது முதல் ஆளின் நேரம் மட்டும்தான், ஏனென்றால் அவர் ஒருவர்தான் பீப் கேட்டுக் குதிக்கிறார். அன்றைய ரிலேயில் அப்படி ஒருவர் 47.24-ல் தனிநபர் உலக சாதனையும் படைத்தார்: ஆஸ்திரேலியாவின் ஏமன் சல்லிவன். அவர் அணிக்குக் கிடைத்தது வெண்கலம்.