சர்வரில் தயாராகும் வெப் அப்ளிகேஷனில் மொபைலுக்கு ஒரு லிஸ்ட்: ரியாக்ட் அவசியமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: ஜாங்கோவில் (பைத்தானில் வெப் அப்ளிகேஷன் எழுத உதவும் கட்டமைப்பு) எழுதிய ஆர்டர் அப்ளிகேஷன், பக்கங்கள் எல்லாம் டெம்ப்ளேட் (ஹெச்டிஎம்எல் அச்சு) வழியாகச் சர்வரிலேயே தயாராகி வருகின்றன. ஆர்டர் பக்கம் எட்டு நெடுவரிசை கொண்ட டேபிள் என்பதால் போனில் பக்கவாட்டில் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மொபைலுக்கு மட்டும் ரியாக்டில் (பிரவுசரிலேயே திரையை உருவாக்கும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) ஒரு லிஸ்ட் எழுதிச் சேர்க்கலாமா?

வேண்டாம் என்பதுதான் என் பதில். ரியாக்டில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே ஒரு லிஸ்ட்டுக்காக அதைக் கொண்டுவந்தால், ஓர் ஆர்டரைத் திரையில் காட்டும் வேலை டெம்ப்ளேட்டில் ஒரு தடவை, ஜாவாஸ்கிரிப்டில் ஒரு தடவை என்று இரண்டு இடத்தில் நடக்கும். நாளைக்கே 'பாதி டெலிவரி' என்று புது ஸ்டேட்டஸ் வந்தால் இரண்டையும் திருத்த வேண்டும். யாருக்கு எந்தப் பட்டன் தெரியலாம் என்ற பெர்மிஷனும் அப்படித்தான். மொத்த வியாபாரிகள் பயன்படுத்தும் இதே மாதிரி ஓர் அப்ளிகேஷனைச் சில வருடங்களாக நான் கவனித்துக்கொள்கிறேன். அங்கே லிஸ்ட்டைச் சர்வர்தான் தயாரிக்கிறது, துணைக்கு ஹெச்டிஎம்எக்ஸ் மட்டும் (சர்வர் தரும் ஹெச்டிஎம்எல் துண்டை வாங்கிப் பக்கத்தில் பொருத்தும் சின்ன லைப்ரரி). தேடினால் ஜேக்வெரி மொபைலின் லிஸ்ட்வியூவைச் சொல்லும் பழைய பதில்கள் இன்னும் கிடைக்கும். அந்த லைப்ரரி 2021-லேயே கைவிடப்பட்டுவிட்டது, அந்தப் பக்கம் போகாதீர்கள்.

முதல் வேலை, ஓர் ஆர்டர் வரிசையைத் தனி டெம்ப்ளேட் துண்டாகப் பிரிப்பது. முழுப் பக்கம், 'மேலும் காட்டு' தட்டும்போது வரும் அடுத்த தொகுதி, ஸ்டேட்டஸ் மாறியதும் புதுப்பிக்கும் ஒற்றை வரிசை ஆகிய மூன்றும் அந்த ஒரே துண்டைத்தான் இன்க்ளூட் செய்ய வேண்டும். இது ஒழுங்காக அமைந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து பலர் செய்வது, டேபிளையும் லிஸ்ட்டையும் இரண்டையும் அனுப்பிவிட்டு, திரை அகலத்தைப் பார்த்து ஒன்றை சிஎஸ்எஸ்ஸில் மறைப்பது. பார்வைக்குச் சரியாகவே இருக்கும். ஆனால் டிஸ்ப்ளே நன் போட்டு மறைத்த இன்புட்டும் ஃபார்மோடு சேர்ந்து சர்வருக்குப் போகும். வரிசைக்குள் 'அளவு' என்று ஒரு பெட்டி இருந்தால் அதே பெயரில் இரண்டு மதிப்புகள் வந்து சேரும், ஜாங்கோ கடைசியாக வந்ததை எடுத்துக்கொள்ளும். மாற்றியது ஒன்று, சேவ் ஆனது வேறொன்று என்று புகார் வரும், காரணம் லேசில் பிடிபடாது. அதனால் ஒரே மார்க்கப் (ஹெச்டிஎம்எல் அமைப்பு) போதும்: லிஸ்ட்டுக்கு யூஎல் டேக், அதற்குள் ஒவ்வோர் ஆர்டருக்கும் ஓர் எல்ஐ. சின்னத் திரையில் ஒவ்வொரு எல்ஐ-யும் இரண்டு வரி அட்டை. அகலத் திரையில் சப்கிரிட் (வெளிக் கட்டத்தின் நெடுவரிசை அளவையே உள்ளே உள்ளவையும் பின்பற்றச் செய்யும் சிஎஸ்எஸ் வசதி) கொண்டு அதே எல்ஐ-க்கள் நெடுவரிசைகளாக வரிசைப்படும். 2023-ல் குரோம் 117 வந்ததிலிருந்து முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் சப்கிரிட் வேலை செய்கிறது. எண்களை மேலும் கீழும் ஒப்பிட்டுப் பார்க்கும் ரிப்போர்ட் என்றால் மட்டும் டேபிளாகவே விட்டுவிடுங்கள்.

அட்டையில் எட்டு விவரத்தையும் திணிக்காதீர்கள். கடைப் பெயர், தொகை, தேதி, ஸ்டேட்டஸ் போதும், மற்றவை உள்ளே. தமிழில் பெயர்களும் ஸ்டேட்டஸும் நீளமானவை. 'பணம் நிலுவையில் உள்ளது' என்பது 320 பிக்சல் திரையில் தொகையைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். பெயர் இருக்கும் கிரிட் கட்டத்துக்கு மின்-விட்த் (குறைந்தபட்ச அகலம்) பூஜ்யம் கொடுத்தால்தான் அது சுருங்கும். இல்லாவிட்டால் எலிப்சிஸ் (நீளமானதை வெட்டி மூன்று புள்ளி வைப்பது) போட்டும் பயன் இருக்காது. லைன்-ஹைட் 1.6-க்குக் குறையாமல் வையுங்கள், மேலே ஈகாரக் கொக்கியும் கீழே ஊகாரச் சுழியும் இடிக்காமல் இருக்கும். புள்ளிகளை நீக்க லிஸ்ட்-ஸ்டைல் நன் போட்டால் சஃபாரியில் வாய்ஸ்ஓவர் (பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் வசதி) அதை லிஸ்ட் என்று சொல்வதை நிறுத்திவிடும், எனவே யூஎல்லில் ரோல் லிஸ்ட் என்று எழுதிவிடுங்கள்.

இனி 'மேலும் காட்டு'. தானாக வந்துகொண்டே இருக்கும் ஸ்க்ரோலைவிட எனக்குப் பட்டன்தான் பிடிக்கும், அதுவும் உண்மையான லிங்க்காக. ஜாவாஸ்கிரிப்ட் ஏறாவிட்டாலும் அடுத்த பக்கம் திறக்கும். லிஸ்ட்டைப் பக்கங்களாகப் பிரிக்கும் ஜாங்கோவின் பேஜினேட்டர் இங்கே ஒத்துவராது. அது ஆஃப்செட்டில், அதாவது இத்தனை வரிசையைத் தாண்டு என்ற கணக்கில் போகிறது: 400 வரிசை தாண்டி 20 வேண்டும் என்றால் டேட்டாபேஸ் 420-ஐயும் கடந்து 400-ஐத் தூக்கிப்போடும். அதைவிடப் பெரிய சிக்கல், நடுவில் புது ஆர்டர் ஒன்று விழுந்தால் எல்லாம் ஓர் இடம் கீழே நகரும். முன்பு கடைசியாகப் பார்த்த ஆர்டர் அடுத்த தொகுதியின் தலையில் மறுபடி வரும். பக்கம் பக்கமாகப் பார்க்கும்போது கண்ணில் படாது. தொடர் லிஸ்ட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், சேல்ஸ் ஆள் இரண்டு ஆர்டர் என்று நினைத்துவிடுவார். கடைசி வரிசையின் நேரத்தையும் ஐடி-யையும் லிங்க்கில் வைத்து, 'இதற்கு முந்தையவை 20' என்று கேளுங்கள். அந்த இரண்டு நெடுவரிசைக்கும் சேர்த்து டேட்டாபேஸில் ஓர் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போடுங்கள். நேரத்தை மட்டும் வைத்தால் ஒரே நொடியில் வந்த ஆர்டர்களில் ஏதாவது ஒன்று விடுபடக்கூடும்.

ஹெச்டிஎம்எக்ஸ் அனுப்பும் ஹெச்எக்ஸ்-ரெக்வஸ்ட் ஹெடரைப் (கோரிக்கையோடு போகும் குறிப்பு) பார்த்து, ஒரே யூஆர்எல்லில் முழுப் பக்கமோ துண்டோ தருவது வழக்கம். அப்படியானால் பதிலில், எதைப் பொறுத்துப் பதில் மாறும் என்று கேஷுக்குச் சொல்லும் வேரி ஹெடராக ஹெச்எக்ஸ்-ரெக்வஸ்ட்டைச் சேர்த்தே ஆக வேண்டும். சேர்க்காவிட்டால் பேக் பட்டனை அழுத்தும்போது பிரவுசர் தன் கேஷில் உள்ள துண்டையே எடுத்துக் காட்டும்: மெனு இல்லை, ஸ்டைல் இல்லை, வெள்ளைத் திரையில் இருபது வரிசை. நான் துண்டுக்குத் தனி யூஆர்எல் வைத்துவிட்டேன், இந்தக் கவலையே இல்லை.

பேக் பட்டனைத்தான் நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டும். போனில் லிஸ்ட் பார்ப்பவர் ஓர் ஆர்டரைத் திறப்பார், திரும்புவார், அடுத்ததைத் திறப்பார். ஒவ்வொரு தடவையும் உச்சிக்குத் தள்ளப்பட்டால் அந்த லிஸ்ட்டால் அவருக்குப் பயனில்லை. இன்றைய பிரவுசர்கள் விட்டுப்போன பக்கத்தை அப்படியே நினைவில் வைத்துத் திருப்பித் தருகின்றன, ஸ்க்ரோல் இடம் உட்பட. ஜாங்கோவின் நெவர்கேஷ் டெகரேட்டர் நோ-ஸ்டோர் (இந்தப் பக்கத்தைச் சேமிக்காதே என்ற உத்தரவு) அனுப்புவதால் இது பெரும்பாலும் தடைபடும். லாகின் உள்ள எல்லாப் பக்கங்களுக்கும் அதைப் போட்டு வைத்திருந்தால் லிஸ்ட் பக்கத்தில் மட்டும் எடுத்துவிடுங்கள். மெமரி குறைந்த ஆண்ட்ராய்டு போன்களில் எடுத்தாலும் பக்கம் பறிபோகும். அதற்காக, ஒவ்வொரு 'மேலும் காட்டு' பதிலிலும் ஹெச்எக்ஸ்-ரிப்ளேஸ்-யூஆர்எல் ஹெடர் அனுப்பி, எதுவரை காட்டியாயிற்று என்பதை முகவரியிலேயே எழுதிவிடுகிறேன். பக்கம் புதிதாக ஏறினால் சர்வர் அதுவரை உள்ள வரிசைகளை ஒரே மூச்சில் தரும், 200-க்கு மேல் போகாமல்.

நோ-ஸ்டோரை எடுத்தபின் ஒன்று மீதி இருக்கும். ஒரே போனை இருவர் பயன்படுத்தும் கடைகளில், லாகவுட் ஆனபிறகு பேக் அழுத்தினால் பழைய லிஸ்ட் தெரியக்கூடாது. பக்கம் திரையில் தோன்றும்போது எழும் பேஜ்ஷோ ஈவென்ட்டில் பர்சிஸ்டட் உண்மையாக இருந்து (நினைவிலிருந்து வந்த பக்கம் என்று பொருள்) லாகின் குக்கீ இல்லையென்றால் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். ஜாங்கோவின் செஷன் குக்கீயை ஜாவாஸ்கிரிப்ட்டால் படிக்க முடியாது. லாகினில் வைத்து லாகவுட்டில் அழிக்கும்படி, ரகசியம் எதுவும் இல்லாத சின்னக் குக்கீ ஒன்றை இதற்கென்று வையுங்கள்.