தீம் அப்டேட் செய்ததும் போட்ட மாற்றமெல்லாம் போய்விட்டதா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் ஆறு அறைகளோடு சின்ன விடுதி நடத்துகிறோம். மருமகன் வேர்ட்பிரஸில் இணையத்தளம் செய்து தந்தார். நிறம், தமிழ் எழுத்துரு, மேலே வாட்ஸ்அப் பட்டன் எல்லாம் அவர் தீம் (தளத்தின் தோற்றத்தைத் தரும் தொகுப்பு) பைல்களுக்குள் எழுதியது. போன கிழமை தீம் அப்டேட் செய்தோம், அத்தனையும் போய்விட்டது. இனி அப்டேட் செய்யாமலே விடலாமா? இன்னொன்று: தமிழில் தலைப்பு வைத்த பக்கங்களின் லிங்கை யாருக்காவது அனுப்பினால் நீளமாக சதவீதக் குறிகளாக வருகிறது. என்ன செய்வது?

பதில்: அப்டேட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பழைய தீமிலும், கூடுதல் வசதி தரும் பிளகினிலும் இருக்கும் ஓட்டைகளைத் தேடித்தான் தளங்களுக்குள் புகுகிறார்கள். சின்ன விடுதித் தளம்தானே என்று யாரும் விட்டுவைப்பதில்லை. தேடுவது மனிதர் இல்லை, தானியங்கி நிரல்.

தீம் அப்டேட் ஆகும்போது வேர்ட்பிரஸ் பழைய போல்டரை அழித்துவிட்டுப் புதியதை வைக்கிறது. அதில் எது மருமகன் எழுதிய வரி என்று அதற்குத் தெரியாது. உங்கள் பக்கங்களும் படங்களும் தப்பியது அவை வேறு இடத்தில் இருப்பதால்: எழுத்தெல்லாம் டேட்டாபேஸில், படங்கள் அப்லோட்ஸ் போல்டரில். மாற்றங்களையும் அப்டேட் தொடாத இடத்துக்குக் கொண்டுபோய்விட்டால் பிரச்சினை தீர்ந்தது.

முதலில் போனதை மீட்கப் பாருங்கள். அப்டேட் செய்த நாளுக்கு முந்தைய பேக்அப் இருக்கிறதா என்று ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இன்றே கேளுங்கள், பழைய பேக்அப்புகளை அவர்கள் நெடுநாள் வைத்திருக்க மாட்டார்கள். கிடைத்தால் முழுத் தளத்தையும் பின்னுக்குக் கொண்டுபோகாதீர்கள், இடையில் வந்த முன்பதிவுகள் அழிந்துவிடும். தீம் போல்டரை மட்டும் இறக்கிக் கணினியில் வையுங்கள். மருமகன் எழுதிய வரிகளை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இனி எதை எங்கே வைப்பது? நிறம், எழுத்தின் அளவு, வரி இடைவெளி போன்றவற்றுக்குத் தீம் பைலைத் தொடவே தேவையில்லை. தோற்றத்தை மாற்றும் கஸ்டமைசர் திரையில் 'அடிஷனல் சிஎஸ்எஸ்' என்று, தோற்றத்துக்கான வரிகளை எழுத ஒரு பெட்டி இருக்கிறது, 2016இல் வந்த 4.7 பதிப்பிலிருந்தே. அங்கே எழுதுவது டேட்டாபேஸில் போய் உட்காரும், அப்டேட் அதைத் தொடாது. சின்ன விடுதிகளுக்கும் கடைகளுக்கும் பெரும்பாலும் இதுவே போதும் என்பது என் கருத்து. அங்கே போனதும் வரி உயரத்தை 1.7 அளவில் வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த தீம்களில் தமிழின் மேல் விசிறியும் கீழ்ச் சுழியும் ஒன்றோடொன்று முட்டும்.

எழுத்துருவுக்கு சைல்ட் தீம் செய்யுங்கள், அதாவது தாய்த் தீமைச் சார்ந்து இயங்கி உங்கள் மாற்றங்களை மட்டும் வைத்திருக்கும் தனித் தீம். தீம்ஸ் போல்டருக்குள் புதிதாக ஒரு போல்டர், அதற்குள் ஸ்டைல்.சிஎஸ்எஸ், ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி என்று இரண்டு பைல். ஸ்டைல் பைலின் தலைப்பகுதியில் 'டெம்ப்ளேட்' என்ற வரியில் தாய்த் தீமின் போல்டர் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டும். சைல்ட் தீம் வேலை செய்யாமல் நிற்பது பெரும்பாலும் இந்த வரியில்தான். எழுத்துரு பைலையும் இதே போல்டரில் வைத்துவிடலாம். சைல்ட் தீமுக்கு மாறியதும் லோகோ, மெனு, அடிஷனல் சிஎஸ்எஸ் எல்லாம் வெறுமையாகத் தெரிந்தால் பதறாதீர்கள். இந்த அமைப்புகளை வேர்ட்பிரஸ் ஒவ்வொரு தீமின் பெயரிலும் தனித்தனியாகச் சேமிக்கிறது. மாறுவதற்கு முன் சிஎஸ்எஸ் வரிகளைப் பிரதி எடுத்துவைத்து, பிறகு திரும்ப ஒட்டுங்கள்.

வாட்ஸ்அப் பட்டனுக்காக, பக்கத்தின் மேற்பகுதியை அமைக்கும் ஹெடர் பைலை அப்படியே சைல்ட் தீமில் பிரதி எடுக்கச் சிலர் சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். தாய்த் தீமில் அந்த பைல் திருந்தினாலும் உங்கள் பிரதி பழையதாகவே கிடக்கும். அதைவிட ஒரு சின்ன சொந்த பிளகினில், பக்கத்தின் அடியில் பட்டனைச் சேர்க்கச் சொல்லி நாலு வரி எழுதினால் போதும். நாளை தீமையே மாற்றினாலும் பட்டன் நிற்கும். அப்புறம், பட்டனின் லிங்கில் எண் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். முன்னால் வரும் 0 இல்லாமல், கூட்டல் குறியும் இல்லாமல், 94இல் தொடங்க வேண்டும். 07 என்று போட்டிருந்தால் வெளிநாட்டு விருந்தினருக்கு அது திறக்காது.

லிங்க் விஷயத்துக்கு வருவோம். தமிழ் எழுத்து முகவரியில் போகும்போது சதவீதக் குறியீடாக மாறுகிறது. 'ல' என்பது ஒன்பது இடம் பிடிக்கும். 'லா' என்றால் துணைக்காலுக்கும் சேர்த்து 18. முகவரியின் இந்தப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 இடம் மட்டும். 'திருகோணமலையில் பார்க்க வேண்டிய இடங்கள்' என்று தலைப்பு வைத்தால் முகவரி 'திருகோணமலையில்-பார்க்க-வ' என்பதோடு அறுந்துவிடும். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். முகவரிப் பகுதியில் மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக, நிலாவெளி, கன்னியா, பிஜன் ஐலண்ட் (புறாமலை) என்று ஊர்ப்பெயரோ இடப்பெயரோ கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் தேடுவதும் அந்தப் பெயர்களைத்தான்.

ஏற்கெனவே வெளியிட்டதை மாற்றும்போது ஒரு கவனம் தேவை. 'போஸ்ட்' வகைப் பதிவின் முகவரியை மாற்றினால் பழைய லிங்கில் வருகிறவரை வேர்ட்பிரஸ் தானே புதியதற்கு அனுப்பிவிடும். 'பேஜ்' வகைக்கு அந்த வசதி இல்லை. ரீடைரக்ஷன் பிளகின் ஒன்றைப் போட்டு பழைய முகவரியையும் புதியதையும் நீங்களே இணைக்க வேண்டும். அறை விபரப் பக்கங்கள் பேஜ் வகையில்தான் இருக்கும். அந்த லிங்குகளை முன்பதிவுத் தளங்களிலும் கூகுள் மேப்பிலும் கொடுத்திருப்பீர்கள், அங்கேயும் மாற்றிவிடுங்கள். மாரி தொடங்கி, கடல் குழம்பி, விருந்தினர் குறைகிற நவம்பர், டிசம்பர் மாதங்களில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் ஏதாவது பிசகினாலும் திருத்த அவகாசம் இருக்கும்.