அலாஸ்காவில் ஐந்து ஏக்கர் – கடிதம்

வணக்கம்.

டல்லஸில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். கிரீன் கார்டு இருக்கிறது. எனக்கும் மனைவிக்கும் நகரம் அலுத்துவிட்டது. அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸுக்கு மேற்கே, ஆற்றோரம் 5 ஏக்கர் 12,000 டாலர் என்று ஒரு விளம்பரம் பார்த்தோம். மரவீடு, சோலார், காய்கறித் தோட்டம், மீன், வேட்டை என்று யாரையும் எதிர்பார்க்காமல் வாழ ஆசை. சேமிப்பு 60,000 டாலர். போதுமா? அரசாங்கமே அங்கே இலவசமாக நிலம் கொடுக்கிறது என்கிறார் ஒரு நண்பர். உண்மையா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

இலவச நிலம் இப்போது இல்லை. குடியேறிப் பயிர் செய்தால் நிலம் சொந்தம் என்ற 1862ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டின் மற்ற பகுதிகளில் 1976இலும், அலாஸ்காவில் 1986இலும் முடிந்துபோனது. உங்கள் நண்பருக்குச் செய்தி தாமதமாக வந்திருக்கிறது.

இப்போது நடப்பது விற்பனை. மாநில இயற்கை வளத் துறை அவ்வப்போது மனைகளை ஏலம் விடுகிறது. தனிநபர் கலந்துகொள்ள ஓராண்டாவது அலாஸ்காவாசியாக இருந்திருக்க வேண்டும். ஏலத்தில் போகாதவை பிறகு நேரடி விற்பனைக்கு வரும். அவற்றை வெளிமாநிலத்தாரும் வாங்கலாம். 5 சதவீத முன்பணம் கட்டிவிட்டு மீதியைத் தவணையில் அடைக்கலாம். உள்ளூர்க்காரர்கள் பார்த்துவிட்டு ஏன் விட்டார்கள் என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பதில் ஒன்றுதான்: போக வழியில்லை.

உங்கள் 12,000 டாலர் மனையிலும் நான் முதலில் பார்ப்பது வழியைத்தான். சட்டப்படி வழி உண்டு என்று விளம்பரம் சொல்லும். நில அளவை வரைபடத்தில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டில் யாரும் மரம் வெட்டியிருக்க மாட்டார்கள், அது சதுப்பின் குறுக்கே போனாலும் போகும். விற்பவரிடம், "கடைசியாக எந்த மாதம், எந்த வண்டியில் போனீர்கள்?" என்று கேளுங்கள். மார்ச் என்றால் அது பாதி பதில்தான். மார்ச்சில் பகல் நீண்டிருக்கும், பனி இறுகியிருக்கும், ஆற்றுப் பனிக்கட்டி கனமாக இருக்கும். பலகை, இரும்பு அடுப்பு, எரிபொருள் பீப்பாய் எல்லாவற்றையும் பனிவண்டிக்குப் பின்னால் சறுக்குத் தளத்தில் ஏற்றி இழுக்க அதுவே நல்ல பருவம். அதே தடத்தில் ஜூலையில் நான்கு சக்கர வண்டி அச்சு வரை புதையும். ஆறு உறையத் தொடங்கும் அக்டோபர், நவம்பரிலும் உடையும் ஏப்ரல், மே மாதங்களிலும் படகும் ஓடாது, பனிவண்டியும் ஓடாது. ஃபேர்பேங்க்ஸ் பக்கம் ஓடும் டனானா ஆற்றின் பனி எந்த நாள், எந்த நிமிடம் உடையும் என்று நெனானா ஊரில் 1917 முதல் பந்தயம் கட்டுகிறார்கள். கரையில் நிற்பவருக்கு அது வேடிக்கை. அந்த வாரங்களில் அக்கரையில் ஒருவருக்குக் குடல்வால் வலி வந்தால் விமானத்தைத்தான் கூப்பிட வேண்டும். அதுவும் இறங்க இடம் இருந்தால்.

ஆற்றோரம் என்பதற்குத் தனியாக விலை வைத்திருப்பார்கள். வண்டல் கரை ஆண்டுதோறும் அரித்துப் போகும். பனி உடையும்போது கட்டிகள் வளைவில் அடைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் வெள்ளம் கரையேறும். பழைய செயற்கைக்கோள் படங்களை இன்றைய படத்தோடு ஒப்பிட்டால் கரை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மண்ணைப் பற்றி மரங்களே சொல்லிவிடும். குட்டையாக, மெலிந்து, ஆளுக்கொரு பக்கம் சாய்ந்த கறுப்பு ஸ்ப்ரூஸ் நின்றால் அடியில் ஈரமும் ஆண்டு முழுதும் இளகாத உறைநிலமும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கு பார்த்த சரிவில் பிர்ச், ஆஸ்பென், வெள்ளை ஸ்ப்ரூஸ் என்றால் வடிகால் உள்ள மண். சந்தேகமிருந்தால் நான்கடி இரும்புக் கம்பியால் பல இடங்களில் குத்திப் பாருங்கள். ஜூனில் வேண்டாம், அப்போது போன குளிர்காலத்தின் உறைவே மிச்சம் இருக்கும். ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் தொடக்கத்தில்தான் இளகல் அதன் முழு ஆழத்தை எட்டும். உறைநிலத்தில் கட்டியே ஆக வேண்டுமென்றால் மேலே உள்ள பாசியை வழித்துவிடாதீர்கள். வெப்பத்தைத் தடுக்கும் போர்வை அதுதான். புல்டோசர் விட்டுச் சுத்தம் செய்த மனையில் பனி உருகி, மண் இறங்கி, சில ஆண்டுகளில் கதவு மூடாது. வீட்டைத் தூக்கிக் கட்டி, அடியில் காற்று ஓட விட்டு, உயரத்தைத் திருகிச் சரிசெய்யும் ஜாக்குகள் மேல் நிறுத்துவதே வழக்கம்.

பத்திரம் என்ன வகை என்று பாருங்கள். இணையத்தில் மலிவாக வருவதில் பல க்விட்கிளைம் பத்திரங்கள். நம் ஊர் விடுதலைப் பத்திரத்துக்கு நெருக்கமானவை. விற்பவருக்கு உரிமை இருந்தால் அது உங்களுக்கு வரும், இல்லையென்றால் ஒன்றும் வராது. பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் பாருங்கள், உரிமையில் குறை வந்தால் ஈடு தரும் டைட்டில் இன்சூரன்ஸ் கேளுங்கள். மாநிலம் விற்ற நிலத்தில் கனிம உரிமை மாநிலத்திடமே இருக்கும்.

விறகை அங்கே கார்ட் கணக்கில் பேசுவார்கள். 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளம் அடுக்கினால் ஒரு கார்ட், 128 கன அடி. சிறிய வீட்டுக்கே ஒரு குளிர்காலத்தில் பல கார்ட் வேண்டும். கறுப்பு ஸ்ப்ரூஸ் மட்டும் நிற்கும் ஐந்து ஏக்கர் அதை நெடுநாள் தாங்காது. பிர்ச்சை வெட்டியவுடன் பிளக்க வேண்டும். பிளக்காமல் விட்டால் பட்டைக்குள்ளேயே அழுகும். ஈர விறகு எரித்தால் புகைபோக்கியில் தார் படிந்து, ஒரு நாள் அதுவே தீப்பிடிக்கும்.

சோலார் பிப்ரவரி கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அருமையாக வேலை செய்யும். டிசம்பர் 21 வாக்கில் ஃபேர்பேங்க்ஸில் வெயில் நாலு மணி நேரம்கூட இல்லை, அதுவும் தொடுவானத்தை ஒட்டியே. நவம்பர் முதல் ஜனவரி வரை ஜெனரேட்டர்தான். லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுப்போகும், வீட்டுக்குள் வையுங்கள். சார்ஜ் இறங்கிய ஈய பேட்டரி உறைந்து வெடிப்பு விடும். கிணறு தோண்டினால் தண்ணீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு உண்டா என்ற சோதனை அவசியம். ஃபேர்பேங்க்ஸ் சுற்றுக் குன்றுகளில் அது சாதாரணம். கழிப்பறைக் குழி கிணற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் 100 அடி தள்ளி.

சாப்பாடு விஷயத்தில் உருளை, முட்டைக்கோஸ், கேரட் ஏமாற்றாது. மிளகாய், கத்தரிக்குக் கண்ணாடிக்குடில் வேண்டும். வேட்டைக்கு உள்ளூர் உரிமம் 12 மாதம் வசித்த பிறகே. அதுவரை நீங்கள் வெளியாள்.  சால்மன் மீனை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். டனானா யூகான் ஆற்றில் சேர்வது. யூகானில் சினூக் சால்மன் பிடிப்பதை ஏழு ஆண்டுக்கு நிறுத்துவதாக 2024இல் அலாஸ்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன.

காட்டுத்தீ வரைபடத்தையும் பாருங்கள். அலாஸ்கா நிலம் முழுவதையும் தீயணைப்புக்கு நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். கடைசி வகையில் உங்கள் மனை இருந்தால், தீயைப் பெரும்பாலும் எரிய விட்டுக் கண்காணிப்பார்கள். 2004இல் மட்டும் சுமார் 66 லட்சம் ஏக்கர் எரிந்தது.

60,000 டாலர், வருமானம் இல்லாமல், வழியில்லாத மனையில் போதாது. பாதி பணம் சுமை இழுப்பதிலேயே போய்விடும். நானாக இருந்தால் முதல் குளிர்காலம் ஃபேர்பேங்க்ஸ் அருகே சாலையோரம், குழாய்த் தண்ணீர் இல்லாத ஒரு வாடகைக் குடில் எடுப்பேன். அங்கே அது நிறையக் கிடைக்கும், ஊரிலிருந்து தொட்டியில் தண்ணீர் கொண்டுவந்து பலர் அப்படித்தான் வாழ்கிறார்கள். உங்கள் வேலையையும் அங்கிருந்தே பார்க்கலாம். பன்னிரண்டு மாதம் முடிந்தால் ஏலமும் வேட்டை உரிமமும் ஒன்றாகத் திறக்கும். பிறகு நெனானா, டெல்டா ஜங்ஷன் பக்கம் ஆண்டு முழுதும் வண்டி போகும் இரண்டு ஏக்கர் கிடைத்தால் அதை வாங்குங்கள்.

விளம்பரக்காரரிடம் இப்போதைக்கு மனையின் வரைபடப் பதிவு எண்ணை மட்டும் கேளுங்கள். கொடுத்தால் மாநிலத்தின் இணைய வரைபடத்தில் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கொடுக்காவிட்டால் அவருக்கு மறுபடி எழுத வேண்டியதில்லை.