ராயபுரம் வீட்டில் பழைய பாணி மேசை ரேடியோ: எஃப்.எம். தெளிவு, ஏ.எம்.மில் மட்டும் இரைச்சல். ஏன்?

பெரும்பாலும் ரேடியோவில் கோளாறு இருக்காது. எல்.இ.டி. பல்பும் போன் சார்ஜரும் கிளப்பும் மின் இரைச்சல் ஏ.எம். நிலையங்கள் வரும் மீடியம் வேவைத்தான் முதலில் கெடுக்கும். ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டில் உள்ளதை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், ஆள் சிக்கிவிடும். பிறகு 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை வானொலியை வைத்து, பெட்டியையே மெதுவாகத் திருப்புங்கள். ஏ.எம்.முக்கு ஏரியலே உள்ளே இருக்கும் ஃபெரைட் (இரும்புக் கலவை) கம்பிதான், அதற்குத் திசை உண்டு. கால் வட்டத்துக்குள் சத்தம் நன்றாகவே மாறும். ஏரியலை இழுப்பது எஃப்.எம்.முக்குத்தான் உதவும், அதற்கும் 75 செ.மீ. போதும்.

கடற்காற்று தனித் தொல்லை. பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சை பூத்தால் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். வால்யூம் குமிழ் கரகரத்தால் மின்சாரத்தைத் துண்டித்து, உள்ளே கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடித்து இருபது தடவை முன்னும் பின்னும் திருகுங்கள். தேங்காயெண்ணெய் மட்டும் வேண்டாம், தூசு அப்பிக்கொள்ளும்.