வாங்கும் கையா, கொடுக்கும் கையா?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கிற என் பேரன், 'ஆயா, பாரோ மி ட்வென்ட்டி ராண்ட்' என்று கேட்கிறான். இதையே கட்டுரையில் எழுதியதற்கு டீச்சர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தானே பேசுகிறார்கள்?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: டீச்சர் திருத்தியது சரிதான் அக்கா. நானும் முப்பது வருஷம் இங்கிலீஷ் நடத்தியவள், இதே வாக்கியத்தை எத்தனையோ நோட்டில் திருத்தியிருக்கிறேன். ஆனால் பையன் வாயில் இது சும்மா வரவில்லை. இங்கே பேசுகிற ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'லியன்' என்கிற ஒரே சொல் கடன் வாங்கவும் ஆகும், கொடுக்கவும் ஆகும். இரண்டு மொழியும் கலந்து புழங்கும் ஊரில் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

பள்ளிக்கூட இங்கிலீஷில் 'பாரோ' என்றால் வாங்குவது மட்டும்தான். யாரிடம் வாங்குகிறோமோ அவருக்கு முன்னால் 'ஃப்ரம்' வரும்: 'கேன் ஐ பாரோ ட்வென்ட்டி ராண்ட் ஃப்ரம் யூ, ஆயா?' கொடுப்பதற்கு 'லெண்ட்': 'லெண்ட் மி ட்வென்ட்டி ராண்ட்.' தமிழில் 'கடன்' இரண்டுக்கும் பொதுவாக நின்றாலும், 'வாங்கு', 'கொடு' வந்து திசையைச் சொல்லிவிடும். அதனால் அவனிடம் தமிழிலேயே கேளுங்கள்: 'நீ வாங்குறியா, கொடுக்கிறியா?' வாங்கினால் 'பாரோ'.

இன்னொன்றும் சொல்ல ஆசை. டர்பன் நகரத்து மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில் நான் சிறுமியாக இருந்தபோது, அம்மா என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினால் சொல்லையும் சேர்த்தே கொடுத்தனுப்புவாள். தீபாவளிக்கு முறுக்கு அச்சு வேண்டுமென்றால் 'இரவல் கேள்'. அதே அச்சு கழுவித் துடைத்துத் திரும்பிப் போகும். அரிசி என்றால் 'கடன் கேள்'. சம்பளம் வந்ததும் அதே டம்ளரில் வேறு அரிசி, தலைதட்டாமல் கொஞ்சம் கூம்பலாகவே போகும். இரண்டு நாளில் தந்துவிடும் காசு 'கைமாற்று'. எது திரும்பிப் போகும், எப்போது போகும் என்பதெல்லாம் அந்தச் சொல்லிலேயே இருக்கும். இங்கிலீஷில் இந்த மூன்றுக்குமே 'பாரோ'தான். இந்த மூன்று சொல்லையும் உங்கள் பேரனுக்குச் சொல்லிக்கொடுங்கள் அக்கா. நம் பிள்ளைகள் காதில் இப்போது அவை விழுவதே இல்லை.

அப்புறம், கையோடு எடுத்துப்போகிற பொருளுக்குத்தான் 'பாரோ' பொருந்தும். அடுத்த வீட்டில் குளியலறையைக் கேட்டால் 'மே ஐ யூஸ்' என்றே கேட்கட்டும்.

தெருவில் பேசுவதற்காக அவனைத் திட்டவேண்டாம். பரீட்சையில் மட்டும் 'பாரோ'வுக்குப் பக்கத்தில் 'மி' வந்தால், பேனாவை நிறுத்தி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.